முதுகுத் தூசி

அப்பாவுக்குத் தெருவில் வைத்த பெயர் மாவு மில்லு. சூடு வெளியே போகாமல் இருக்க பாய்லர் குழாய்களில் ஆஸ்பெஸ்டாஸ் நார் சுற்றுகிற வேலை. சாயங்காலம் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக வருவார். வாசலிலேயே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அம்மா பின்னால் நின்று முதுகைப் பட் பட்டென்று தட்டுவாள். என் முன்னால் அவர்கள் தொட்டுக்கொண்டது அப்போது மட்டும்தான்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது மாடிப்படியைத்தான் திட்டினோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அம்மாவின் முதுகில் ஒரு விரலை வைத்து, இன்னொரு விரலால் அதைத் தட்டிக்கொண்டே கீழே வந்தார். ஓர் இடத்தில் சத்தம் செத்துப்போனது.

"நுரையீரலச் சுத்தி ஒரு உறை இருக்கும்மா. அதுல தண்ணி கோத்திருக்கு."

ஊசியில் எடுத்த நீர், ரத்தம் கலந்து பாட்டிலை நிறைத்தது. உறையிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று அப்பா டீ வாங்கப் போயிருந்தார். உறையில் புற்றுநோய் என்றார் டாக்டரம்மா.

"நீங்க எங்கம்மா வேல பாத்தீங்க?"

"வீட்லதான். லீவே கிடையாது."

"வீட்டுக்காரர்?"

அம்மா சொன்னாள். முதுகு தட்டுவதையும் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தத் தூசி உள்ள போனா பல வருஷம் கழிச்சு இப்படி வரும்மா. முழுசா குணமாகாது. மறுபடி தண்ணி கோக்காம, உறைக்குள்ள பவுடர் போட்டு ஒட்ட வெக்கலாம். மூச்சு லேசாகும்."

"தூசியால வந்ததுக்குப் பவுடரா? நல்லா இருக்கு உங்க வைத்தியம்."

சிரித்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நோய் என்னன்னு அப்பாவுக்குத் தெரியட்டும்டி. தூசின்னு மட்டும் சொல்லிடாத. மனுஷன் உடைஞ்சுபோயிடுவார்."

"சொல்லமாட்டேன்மா."

கட்டிலைச் சுற்றியிருந்த திரையை விலக்கினேன். அப்பா நின்றிருந்தார். கையிலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது.

"கேன்டீன்ல கூட்டம்," என்றார்.

பவுடர் போட்டு வீட்டுக்கு அழைத்துவந்தோம். அப்பா மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், அம்மா வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். அவர் ஈரத்தலையும் சுத்தமான சட்டையுமாக வந்தார்.

"வேலைத் துணி எங்கங்க?"

"அங்கயே குளிச்சு மாத்திட்டேன். இனிமே அப்படித்தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். அப்பா செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறிப்போன டீயப் பாத்தப்பவே நினைச்சேன்," என்றாள் அம்மா. பிறகு, "திரும்புங்க."

திரும்பினார். பழக்கத்தில் கை மேலே போனது. அவளால் எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே, எட்டிய வரைக்கும், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே தட்டினாள். ஒன்றும் பறக்கவில்லை. அவர் முதுகுதான் குலுங்கியது.

"போதும் விடு," என்றார், திரும்பாமல்.

"இருங்க, இன்னும் கொஞ்சம் இருக்கு," என்று அம்மா தட்டிக்கொண்டே இருந்தாள்.