மோந்து பார்த்த தண்ணீர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுப்பது என் வேலை; அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து நின்றாலே எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அன்று வந்து நின்றவர் தையற்காரர். அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் எட்டு மாதமாகப் பெட்ரோல் வாடை. அதில் குளித்துக் குளித்து மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. பக்கத்துப் பெட்ரோல் பங்க்கின் நிலத்தடித் தொட்டி கசிகிறது என்று நிரூபித்தால், பங்க்காரர் இவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் வாங்கித் தர வேண்டும். ஒரே ஒரு முறை தண்ணீர் எடுப்பது, அதன் முடிவே முடிவு என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டுத் தேங்கிக் கிடந்த தண்ணீரை வெளியேற்றினேன். பிறகு மூன்று சிறு கண்ணாடிக் குப்பிகளில் விளிம்பு தளும்பப் பிடித்து, காற்றுக்குமிழ் இல்லாமல் மூடி, கவிழ்த்துப் பார்த்து ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

"ஏன்க்கா இவ்ளோ தளும்பத் தளும்ப?"

"தொணதொணக்காதீங்க. பெட்டியத் தொடாம இருந்தா போதும்."

பெட்டியில் ஒட்ட வேண்டிய சீல் காரில் இருந்தது. போய் எடுத்து வந்தேன், ஒட்டினேன், கிளம்பினேன்.

ஆய்வகத்தில் மாதிரிகளை வாங்கி வைக்கிறவனைச் சோடாபுட்டி என்போம். குப்பியைக் கவிழ்த்தான். பட்டாணி அளவுக் குமிழ் ஒன்று மேலே ஏறியது. அடுத்ததிலும். மூன்றாவதிலும்.

"என்னக்கா, இருபது வருஷ சர்வீஸ்ல இப்படியா? யாரோ திறந்திருக்காங்க. இருந்த பெட்ரோல் ஆவியாப் போயிருக்கும். இத மெஷின்ல ஏத்த முடியாது."

"ஏத்துடா, உன் கால்ல விழறேன்."

"விழுந்தாலும் குமிழ் போகாதுக்கா."

இன்னொரு முறை எடுக்க அனுமதி கேட்டு அதிகாரியிடம் ஓடினேன். அவர் இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளைக் காட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தையற்காரருக்குப் போன் போட்டேன். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நீங்க காருக்குப் போனப்ப பங்க் மேனேஜர் வந்து, 'எங்க, வாடையே இல்லையே'ன்னு நக்கல் பண்ணாருக்கா. மூணையும் திறந்து மூக்குல காட்டினேன். மனுஷன் வாயடைச்சுப் போயிட்டார்!"

தொடாதே என்று அதட்டினேனே தவிர, ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னேனா, பாவி? சொல்லியிருந்தால் அந்த மனுஷன் குப்பிகளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்திருப்பார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவர்தான் மோந்து பாத்தாரேக்கா. கேட்டா சொல்ல மாட்டாரா?"

"சொல்ல மாட்டார்."

"இன்னொரு தடவ எடுங்கக்கா. நான் கிட்டவே வரமாட்டேன். வீட்ட விட்டே போயிடறேன்."

"கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

போனுக்குள் தூரத்தில் அவர் மகள் அழுதாள். "அம்மா, இன்னிக்கும் பெட்ரோல் நாத்தம். நான் குளிக்க மாட்டேன்."

"மூக்கப் பிடிச்சிட்டு ஊத்திக்கடி," என்றாள் தாய்.

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. சோடாபுட்டி தாளை நீட்டினான். 'சோதிக்க இயலாத மாதிரி' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்திட்டேன்.