பாதி தூரம்

ஆதிமூலம் புதன்கிழமை காலையில் இறந்துபோனார். எழிலரசி ஹூஸ்டனில் இருந்த தம்பி இளஞ்செழியனுக்கு ஃபோன் செய்து, அப்பாவுக்கு ரொம்ப சீரியஸ், உடனே கிளம்பு என்று மட்டும் சொன்னாள். அப்படிச் சொல்லச் சொன்னது அவள் கணவன் அன்பரசன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு விமான டிக்கெட் போட்டுத் தருகிற கடையில் அவன் வேலை செய்தான். ஹூஸ்டனுக்கும் சென்னைக்கும் நடுவில் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி மாற வேண்டும், பறக்கிற நேரம் மட்டுமே இருபது மணி நேரம் என்றான்.

"மாமா போயிட்டார்னு தெரிஞ்சிக்கினு அவ்ளோ நேரம் தனியா குந்தினு வரணும். வேணாம் எழிலு."

அடி அண்ணாமலை கிராமத்தில், ஆதிமூலத்தின் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். டவுனிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது.

இளஞ்செழியனும் அப்பாவும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கூட வேலை செய்த பெண்ணை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் அவன் வீட்டுக்குச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய ஃபோன் வந்தால், ஆதிமூலம் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் மனைவி மணியம்மாளிடம் நீட்டிவிடுவார். ஆனால் அவள் பேசி முடிக்கிறவரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார். எதையாவது தேடுகிற மாதிரி அலமாரியைத் துழாவிக்கொண்டிருப்பார்.

வியாழக்கிழமை மதியம் எழிலரசியின் செல்ஃபோன் அடித்தது. வாசலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அவள் தோட்டத்துப் பக்கம் ஓடினாள்.

"அக்கா, பிராங்க்ஃபர்ட்ல இருக்கேன். எப்டி இருக்காரு?"

"அப்டியேதான் இருக்காரு."

தான் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"பாதி தூரம் வந்துட்டேன். இன்னும் ஒம்பதரை மணி நேரம் ஆவும். அதுக்குள்ள எதுனா ஆயிடுச்சின்னா..." அவன் நிறுத்தினான். "அவரு காதுல ஃபோனை வையிக்கா. ரெண்டு வார்த்தை பேசிடறேன்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவள், "இரு" என்றாள். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவிடம் போய்ச் சொன்னாள். மணியம்மாள் மகளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து, அழுதுகொண்டிருந்த பெண்களைக் கையமர்த்தினாள். அன்பரசன் போய் மேளத்தை நிறுத்தச் சொன்னான். இரண்டு பேர் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்தார்கள். மணியம்மாள் ஃபோனை வாங்கி, தாடையைக் கட்டியிருந்த துணியைச் சற்று ஒதுக்கிவிட்டு, புருஷனின் காதோடு சேர்த்து வைத்தாள்.

பந்தலில் யாரும் பேசவில்லை. தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஃபோனிலிருந்து மெல்லிய இரைச்சல் வந்துகொண்டிருந்தது. வார்த்தைகள் பிடிபடவில்லை. கொஞ்சம் குனிந்தால் எழிலரசிக்குக் கேட்டிருக்கும். அவள் குனியவில்லை. அவன் சொன்னது ரெண்டு வார்த்தை இல்லை, வெகுநேரம் பேசினான். சத்தம் நின்ற பிறகும் மணியம்மாள் கையை எடுக்காமல் நின்றாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது கார் வந்தது. அழைத்துவரப் போயிருந்த அன்பரசன் வழியில் சொல்லியிருந்தான், எப்போது இறந்தார் என்பது உட்பட. இளஞ்செழியன் பந்தலுக்கு வெளியே ஷூவைக் கழற்றினான். யார் முகத்தையும் பார்க்காமல் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

"நேத்து நான் பேசனப்போ..." என்று அம்மாவிடம் ஆரம்பித்தான்.

"கேட்டுகினுதான்டா இருந்தாரு" என்றாள் மணியம்மாள். "நாங்க யாரும் குறுக்க பேசல."

அவன் குனிந்தான். கண்ணாடியில் பனி படிந்திருந்தது. சட்டைக் கையை இழுத்துவிட்டுத் துடைத்தான். அப்பாவின் நெற்றியும் மூக்கும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்க ஆரம்பித்தது. அவன் மறுபடி துடைத்தான்.