தற்காலிகமாக வைத்தது

கான்கிரீட் தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கிற நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. கட்டடப் பொறியாளர் லைசென்ஸ் வாங்கிப் பல வருடங்கள் ஆகியும் இந்த வியாதி போகவில்லை. வரைபடத்தில் என் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. தளம் இறங்கினால் முதலில் என்னைத்தான் தேடி வருவார்கள். என் வீட்டுக்காரருக்கு இது கேலி. "கான்கிரீட்டே இறுகிடுச்சு. உன் தொண்டை ஏன் இறுகுது?" என்பார். அவர் சாஃப்ட்வேர் எழுதுகிறவர். அவர் தொழிலில் எது இடிந்தாலும் மறுநாள் திருத்தி அனுப்பிவிடலாம். மனிதர் வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடுவார்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கும் எங்களைப் போல லைசென்ஸ் வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவரப் பேசிக்கொண்டிருந்தது. அதை வைத்து வீட்டில் தினமும் சண்டை. பரீட்சை எழுதி முத்திரை வாங்கியவன்தான் கம்ப்யூட்டரைத் தொடலாம் என்றிருந்தால் பாதிக் கண்டுபிடிப்புகள் பிறந்தே இருக்காது என்பது அவர் கட்சி. முத்திரை உள்ளவர்கள் கட்டியதும் இடிந்திருக்கிறதே என்று ஒரு குத்து வேறு குத்துவார்.

அப்போது அவர் லிஃப்ட் கதவுகளை இயக்கும் சாஃப்ட்வேர் குழுவுக்குத் தலைவர். ஒரு ஆஸ்பத்திரிக்குப் புது லிஃப்டுகள் போகவிருந்தன. ஆஸ்பத்திரிக்காரர்கள் விவரமானவர்கள். சட்டம் வருகிறதோ இல்லையோ, பாதுகாப்புச் சான்றில் லைசென்ஸ் உள்ள பொறியாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றுவிட்டார்கள். சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் வாங்கிய ஆளுக்கு எங்கே போவது? இவருடைய மேலாளருக்கு ஆபீசில் வைத்திருந்த பெயர் 'அவசரம்'. அவசரத்தின் மூளை வேலை செய்தது. லைசென்ஸ் எண்ணைத்தான் கேட்டிருக்கிறார்கள், எதற்கான லைசென்ஸ் என்று கேட்கவில்லை. உங்கள் மனைவியிடம் ஒன்று இருக்கிறதே என்றாராம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் என்னுடையது, கையும் என்னுடையது.

இவர் அதைத் தயங்கித் தயங்கித்தான் என்னிடம் சொன்னார். வாரக் கடைசிக்குள் சான்று போகாவிட்டால் ஒப்பந்தம் கைமாறிவிடும், குழுவைக் கலைத்துவிடுவார்கள் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சட்டென்று முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. சைட்டில் நான் கேட்கிற கேள்விகளைக் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

கதவை எத்தனை ஆயிரம் தடவை திறந்து மூடிப் பார்த்தார்கள், கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் மணிமணியாகப் பதில் வந்தது. பிறகு என்னுடைய வழக்கமான கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"தற்காலிகமா எதையெல்லாம் வச்சீங்க?"

அவருக்குப் புரியவில்லை. எங்கள் சைட்டில் தற்காலிகமாக வைக்கிற ஒவ்வொரு கட்டைக்கும் ஆப்புக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுவோம். முன்பு ஒரு சைட்டில் உத்திரத்துக்குக் கீழே கொடுத்த மரக்கட்டையை எடுக்க மறந்து, அதன் மேலேயே பூசிவிட்டார்கள். எல்லாச் சோதனையிலும் உத்திரம் ஜம்மென்று நின்றது. கட்டை உளுத்த வருடம் இறங்கிவிட்டது. அதிலிருந்து, சிவப்பு கண்ணில் பட்டால் பூச்சு வேலையை நிறுத்திவிடுவோம். இதை அவருக்குச் சொன்னேன்.

"சாஃப்ட்வேர்ல கட்டை ஏது, ஆப்பு ஏது?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்தார்.

எடுக்க மறந்த கட்டை ஒன்று அங்கேயும் இருந்தது. கதவுக்குக் குறுக்கே ஆள் இருக்கிறாரா என்று பார்க்க ஒரு சென்சார் உண்டு. வேலை தொடங்கிய புதிதில் ஆபீஸ் மேசைக்கு மோட்டார் மட்டும்தான் வந்திருந்தது, சென்சார் வரவில்லை. சென்சாரின் பதிலுக்குக் காத்துக்காத்துச் சாஃப்ட்வேர் நின்றுபோனதால், பதில் வராவிட்டால் குறுக்கே யாரும் இல்லை என்று வைத்துக்கொள் என இவர் ஒரு வரி எழுதினார். சென்சார் வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தார். சென்சார் வந்தது, நன்றாக வேலை செய்தது, எல்லாச் சோதனையிலும் தேறியது. வரியை மறந்துவிட்டார்கள். என்றைக்காவது சென்சாரின் ஒயர் அறுந்தால், ஸ்ட்ரெச்சரில் வருகிறவர் மேல் கதவு மூடும்.

வரியை அழித்தார். பிறகு, "இப்போ சரியாயிடுச்சு. போடுவியா?" என்றார்.

"மாட்டேன். அதுல இன்னும் என்ன இருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியாது."

"உனக்கு லைசென்ஸ் கொடுத்த பரீட்சையில இந்தச் சிவப்புப் பெயின்ட் இருந்துச்சா?"

இருக்கவில்லை. ஒப்புக்கொண்டேன். விழுந்த உத்திரம்தான் அதைச் சொல்லிக்கொடுத்தது. "ஆனா லைசென்ஸ் போயிடும்னு காரணம் சொல்லி நான் முடியாதுங்கறேன். யாரும் என்னை ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க அவசரத்துக்கிட்ட என்ன காரணம் சொல்லி முடியாதும்பீங்க?"

சொல்லிவிட்டேனே தவிர, அவரை நானே கிணற்றில் தள்ளியதுபோல் இருந்தது.

மறுநாள் அவர் அவசரத்திடம் போனார். இப்படித் தற்காலிகமாக எழுதியவை இன்னும் எங்கெங்கே இருக்கின்றன என்று குழு முழுதும் உட்கார்ந்து தேடி முடிக்கும் வரை எதையும் அனுப்பக் கூடாது என்றார். ஆஸ்பத்திரிக்கும் அவரே போன் செய்து விஷயத்தைச் சொன்னார். திருத்தியாயிற்றே, வெளியே ஏன் சொல்ல வேண்டும் என்று அவசரம் தாம்தூம் என்று குதித்தார். ஆஸ்பத்திரி அவகாசம் கொடுத்தது. தேடினார்கள், வேறு சிலவும் அகப்பட்டன. கடைசியில் சான்றில் லைசென்ஸ் எண் கேட்ட இடத்தில் 'இல்லை' என்று எழுதி, கீழே தம் பெயரையும் எங்கள் வீட்டு விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தானாக வந்து குறையைச் சொன்னவர் என்பதால் ஆஸ்பத்திரி அதை ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் பிழைத்தது. இவருடைய தலைவர் பதவி பிழைக்கவில்லை. இப்போது ஆபீசின் ஒரு மூலையில், ரசீது அச்சடிக்கிற பழைய சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறார். கட்சி மாறினாரா என்றால், அதுவும் இல்லை. சட்டம் வேண்டாம் என்றுதான் இன்னும் வாதாடுகிறார், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் லிஃப்டுகளை ஓட்டத் தொடங்கிய அன்று காலை, இருவருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தேன். ஒரு வாய் வைத்தார். இறங்கவில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, சும்மா அந்தப் பக்கம் போய் வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

கேலி செய்ய இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது. வாய் வரைக்கும் வந்தது. தட்டை மூடி வைத்துவிட்டு நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.