யார் மேல் ஃபவுல்?

பெரம்பலூரில் செல்போன் கேம் தயாரிக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் வினோதினிக்கு வேலை. புதிதாகச் செய்த கூடைப்பந்து கேமை விளையாடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்க வேண்டும். கல்லூரி நாட்களில் அவள் அரியலூர் மாவட்ட அணியில் டிஃபென்ஸ் ஆடியவள். எதிரணியில் நன்றாக ஆடும் பெண் யாரோ, அவளை மறித்து நிற்பதுதான் நான்கு வருடமும் அவளுக்குக் கொடுத்த வேலை.

கேமில் தடுப்பவனைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். பந்தோடு வந்தவன் அவன் நெஞ்சுக்குள் புகுந்து முதுகு வழியாக வெளியேறிக் கூடையில் போட்டான். மறுபடி நிறுத்தினாள். இந்த முறை மோதினான். விசில் அடித்து, நின்றவன் மேலேயே ஃபவுல் கொடுத்தது கேம்.

மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்றும் 'தேவையில்லை' என்று திரும்பி வந்தன. நேராக முதலாளி கலைவாணனின் அறைக்குப் போனாள்.

"சார், ஒழுங்கா காலூனி நிக்கிறவன் மேல வந்து மோதுனா, மோதுனவன் மேலதான் ஃபவுல்."

"இது கேம், வினோதினி. பாயிண்ட் போடத்தான் எல்லாரும் வர்றாங்க. சும்மா நிக்கிறத யாரு பாக்கப் போறாங்க?"

அவளுக்குக் காது சூடானது. ஜெயித்த மறுநாள் பேப்பரில் எப்போதும் பாயிண்ட் போட்டவள் பெயர்தான் வரும், அதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். இதைப் பொறுக்க முடியவில்லை.

"சும்மா நிக்கிறதா? சாயந்தரம் கிரவுண்டுக்கு வாங்க சார். ஒரே ஒரு தடவ பந்தோட என்னைத் தாண்டிப் போங்க. போயிட்டீங்கன்னா நான் வாயே தொறக்கல."

அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். அவள் பந்தைத் தொடவே இல்லை. இடுப்பைத் தாழ்த்தி, அவர் போக நினைத்த பக்கமெல்லாம் அவருக்கு முன்பே கால் வைத்தாள். ஆறாவது தடவை எரிச்சலில் நேராக ஓடிவந்து அவள் மேல் மோதி, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஃபவுல்!" என்று கத்தினார்.

"யாரு மேல சார்? சொல்லுங்க. யாரு மேல?"

முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி எழுந்தார்.

"என் மேலதான்," என்றார். "நாளைக்குக் கேமரா எடுத்துட்டு வரேன். நீ கால் வைக்கிறத அப்படியே செஞ்சு காட்டு. நம்ம ஆளுங்க அதப் பாத்து மாத்தட்டும்."

"காட்டுறேன். மோதறதுக்கும் நீங்களே வாங்க."

வந்தார். இரண்டு நாள் மோதி மோதி விழுந்தார்.

இப்போது அந்த கேமில் யாரும் யார் உடம்புக்குள்ளும் புகுவதில்லை; மோதினால் மோதியவன் மேல்தான் ஃபவுல். ஆனால் தடுப்பவன் இன்னும் முழங்காலை மடக்காமல் மரம்போல நிற்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் வினோதினிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.