ராவிய முன்குறி

"இதைவிட உயரமா இருக்கணும்."

"எவ்வளவு உயரமா?"

"சரியா தெரியல. தாராளமாவே குடுங்க. வேணும்கிற அளவுக்கு ராவிக்கறேன்."

"உயரமா இருந்தா ராவிக் குறைக்கலாம். குறைஞ்சுபோனதை ராவிக் கூட்ட முடியாது. அதானே இப்போ உன் கஷ்டம்?"

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் துப்பாக்கிச் சந்தை நிரம்பி வழிந்தது. கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே மேசை போட்டுப் பழைய உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்த பெர்னிஸ், ரூடி கொண்டுவந்திருந்த பழைய முன்குறித் தகட்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். கிராக் என்கிற பழைய ராணுவத் துப்பாக்கியின் குழல் முனையில், குறிபார்ப்பதற்காக ஒரு சின்ன ஆணியோடு நிற்கிற தகடு அது. பாதி உயரம்தான் மிச்சம் இருந்தது. அரத்தின் கோடுகள் இன்னும் பளபளத்தன.

"சுட்டா குண்டு மேல போகுதுன்னு முன்குறியையே ராவியிருக்கான். வேட்டைக் கேம்புக்கு ஒரு கழுதை இருக்கும்போல. யாரு செஞ்சது?"

"வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு," என்றான் ரூடி.

"வித்தவன் தப்பிச்சான்," என்று சொல்லிவிட்டு அவள் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள். திருகுகள், சுருள்வில்கள், உடைந்த கொக்கிகள். நடுவே யாரும் தொடாத ஒரு தகடு, முழு உயரத்தோடு. காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். காதுவரை சூடேறிப்போய் வெளியே வந்த ரூடி, வண்டிக்குள் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பவில்லை.

அந்தத் துப்பாக்கி அவனுடையதே இல்லை. அவன் மனைவி எல்னாவின் அண்ணன் ஆன்ஸலுடையது. யுத்தத்துக்கென்று செய்யப்பட்ட துப்பாக்கியை விலைக்கு வாங்கி, முன்கட்டையை அறுத்துக் குறைத்து, வால்நட் கைப்பிடி பொருத்தி, மான் வேட்டைக்கு ஆக்கியவர் ஆன்ஸலின் அப்பா. குறி தவறாத துப்பாக்கி என்று பெயர். நவம்பரில் வேட்டை தொடங்கும்போது அதைச் சுட்டுச் சோதித்துப் பார்க்காமல் அப்படியே காட்டுக்குள் எடுத்துப் போவதுதான் ஆன்ஸலுக்குப் பெருமை.

போன கோடையில் ரூடியின் சொந்தத் துப்பாக்கி பழுதுக்குப் போயிருந்தது. கிராக்கை இரவல் வாங்கி, சரளைக் குழியில் அட்டை வைத்துச் சுட்டான். தான் கொண்டுபோன வேறு ரகத் தோட்டாவால் குண்டு அட்டையின் மேல் விளிம்பைத் தொட்டது. பின்குறியை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ குண்டும் அந்தப் பக்கம் போகும். முன்குறி நேர் எதிர். அதைத் தாழ்த்தினால் குழல் மேலே தூக்கும், குண்டு இன்னும் மேலே போகும். இதைக் கேம்புக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் பியர் டப்பாவை வைத்து விளக்கிக் காட்டுகிறவன் ரூடிதான். அன்று அரத்தை எடுத்ததும் கை மட்டும் தனியாக ஏதோ யோசித்தது. ராவினான். குண்டு இன்னும் மேலே போனது. போதவில்லை என்று நினைத்து இன்னும் ராவினான். மூன்றாவது முறை அட்டையில் ஓட்டையே விழாதபோதுதான் உறைத்தது. துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, உறையில் போட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தான். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்ல இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்று நினைத்தான். பிறகு மறந்தும் போனான்.

அந்த நவம்பர், வேட்டை சீசனின் முதல் காலை, தேவதாருச் சதுப்பின் ஓரம், ஆன்ஸலுக்கு முன்னால் அகன்ற கொம்புகளோடு ஒரு கலைமான் வந்து நின்றது. கல்லெறிகிற தூரம். அதன் முதுகுக்கு மேலே குண்டு போய்விட்டது.

குறி தவறியவனின் சட்டை வாலைக் கத்தரித்து, பெயரும் வருடமும் எழுதி, சுவரில் ஆணியடித்து வைப்பது அந்தக் கேம்பின் வழக்கம். கத்தரிக்கோல் பிடிப்பது கேம்பில் நன்றாகச் சுடுகிறவன்; அன்று அது ரூடி. ஆன்ஸல் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதற்கு ஆளானதில்லை. எல்லோரும் மேசையைத் தட்டிக் கூச்சலிட, அவர் சிரித்துக்கொண்டே முதுகைக் காட்டி நின்றார். "பாத்து வெட்டு மாப்ள, சட்டையைத்தான் வெட்டணும்," என்றார். ரூடி வெட்டினான். தடித்த கம்பளித் துணி. கத்தரிக்கோல் இரண்டு தடவை சிக்கியது. அந்த நேரத்தில்தான் அவனுக்கு அரம் ஞாபகம் வந்தது. வாய் திறந்திருக்கலாம். சிரிப்புச் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தான். அடங்கியபோது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆன்ஸல் கண் மருத்துவரிடம் போய் வந்ததாக எல்னா சொன்னாள். கண்ணாடி மாற்றினார். மறுபடியும் மாற்றினார். இந்த இலையுதிர் காலத்தில் ரூடி, "துப்பாக்கியைத் துடைச்சு வைக்கிறேன் மச்சான்," என்று கேட்டபோது அவர் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு சுலபமாகக் கொடுத்தது ரூடியை என்னவோ செய்தது.

பெர்னிஸிடம் வாங்கிய தகட்டை ஆணியடித்துப் பொருத்தினான். அதோடு நிறுத்தவில்லை. ஒரு பழைய வெள்ளிக் காசிலிருந்து அரிசி மணியளவு துண்டை அறுத்தெடுத்து, தகட்டின் முகத்தில் பற்றவைத்தான். சதுப்பின் இருட்டில் கறுப்புத் தகடு கரைந்துபோகும், வெள்ளி தெரியும். பிறகு, இந்த முறை ஆன்ஸல் சுடுகிற ரகத் தோட்டாவோடு, சரளைக் குழிக்குப் போனான். உயரமான தகடு என்பதால் குண்டு கீழே விழுந்தது. ஒரு ராவல், ஒரு குண்டு. ஒவ்வொரு முறையும் அரத்தை வைப்பதற்கு முன் முன்குறியின் விதியைச் சிறுபிள்ளைபோல உதடு அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். மதியத்துக்குள் குண்டுகள் நடுப்புள்ளியில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. துப்பாக்கி பழைய நிலைக்கு வந்துவிட்டது, இனி யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகவே தன்னை வெறுத்தான்.

ஆன்ஸல் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கியை வாங்கி, தோளில் வைத்து, தூரத்து பிர்ச் மரத்தை நோக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வெள்ளி வச்சிருக்கியா?"

"இருட்டுல தெரியட்டும்னு."

"நல்லாத் தெரியுது. நட்சத்திரம் மாதிரி." துப்பாக்கியை இறக்கினார். "பழைய தகடும் எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது மாப்ள. மானும் தெரிஞ்சுது. மருத்துவரும் கண்ணுல ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. அப்போ கைதான். இல்லைன்னா தலை. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, ஞாபகம் இருக்கா? காப்பிக் கோப்பையை மேசைக்கு வெளியே வைப்பாரு."

"மச்சான், அப்படியெல்லாம் இல்ல. வாங்க, குழிக்குப் போய் ரெண்டு குண்டு சுட்டுப் பாப்போம்."

"வேண்டாம்."

"ஒரே ஒரு குண்டு."

"அடுத்த தடவை அந்தப் பக்கம் மான் இல்லாம, நம்மகூட வேட்டைக்கு வர்ற உன் தம்பி நின்னா?" சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். "முடிவு பண்ணிட்டேன். இது உங்கிட்டயே இருக்கட்டும். உன்ன மாதிரி யாரும் இதைப் பாத்துக்க மாட்டாங்க. பாரு, வெள்ளியெல்லாம் வச்சிருக்க."

துப்பாக்கியை இரண்டு கையாலும் நீட்டினார். ரூடியின் கைகள் தானாகவே நீண்டு வாங்கிக்கொண்டன. குழல் குளிர்ந்திருந்தது. அவன் தகட்டைப் பார்த்தான், அவரைப் பார்க்க முடியவில்லை.

"அது மச்சான், போன கோடையில..." என்று தொடங்கினான்.

"இருடா, நான் சொல்லி முடிச்சுடறேன், அப்புறம் தைரியம் போயிடும்." ஆன்ஸல் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "கேம்புல என்னால சொல்ல முடியாது. நான் சொன்னா விளையாடறேன்னு சிரிப்பாங்க. நீ சொன்னா நம்புவாங்க. ஆன்ஸலால இனி சுட முடியாது, வர மாட்டான்னு நீயே சொல்லிடு மாப்ள. எனக்காக. சொல்லுவியா?"