இன்குபேட்டருக்கு விடுமுறை

எங்கள் மேனேஜர் வெங்கடேசன், ஒரகடத்தில் கார் பிரேக் செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் உற்பத்தி லைன் பார்த்தவர். அவரைக் கொண்டுவந்து உயிருள்ள செல்களை வளர்க்கும் ஆய்வகத்துக்குத் தலைவராக்கிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்பேன். "சசிரேகா, ஒரு மணி நேரத்துக்கு எத்தினி பீஸ் வருது?" என்பார் தினமும். பீஸாம்!

நாங்கள் செய்வது இதுதான். பன்றியின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை எடுத்து, கடற்பாசியில் செய்த ஜெல்லுக்குள் வைத்து மூடுவோம். வெந்த ஜவ்வரிசி மாதிரி மணி மணியாக வரும். நீரிழிவுக்காரர் உடம்பில் அதை வைத்தால், சர்க்கரையும் பிராணவாயுவும் அதற்குள் போகும், இன்சுலின் வெளியே வரும். வெளிச் செல்லைக் கண்டால் அடிக்கப் பாய்கிற உடம்பின் எதிர்ப்புச் செல்கள் மட்டும் உள்ளே நுழைய முடியாது.

அந்த எதிர்ப்புச் செல்களின் லட்சணம் எனக்கு நன்றாகவே தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயதில், என் கணையத்தில் இருந்த என் சொந்தச் செல்களையே வெளியாள் என்று நினைத்துக் கொன்று தீர்த்தவை அவை. முதலாளியையே கேட்டில் மடக்கித் துரத்திவிட்டு விறைப்பாக நிற்கிற செக்யூரிட்டி மாதிரி. அன்றிலிருந்து தினம் நாலு இன்சுலின் ஊசி. இருபது வருடம் ஆகிறது.

ஆயுத பூஜை விடுமுறை இரண்டு நாள். அது முடிந்த மறுநாள் மணிகள் எலிச் சோதனைக்குப் போக வேண்டும். இந்த முறையும் தவறினால் ஆய்வகத்தையே மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. ஏழு மாதம் முட்டி மோதி ஜெல்லின் பக்குவத்தைப் பிடித்திருந்தேன். எனக்கு ஊசி நிற்க ஒரு வழி உண்டென்றால் அது அந்த மணிகளில்தான் இருந்தது.

விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானமே பூஜையைத் தொடங்கிவிட்டார்கள். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், குங்குமம். தராசுக்கு வாழைக்கன்று. இந்தக் கூட்டத்தோடு நின்று பொரி தின்ன என்னால் ஆகாது. செல்களுக்குப் புது ஊட்டத் திரவம் ஊற்றி, அவற்றை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரை மூடிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். இவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் நாள் காலை வந்து பார்த்தால் இன்குபேட்டர் கதவில் பெரிய குங்குமப் பொட்டு. மேலே எலுமிச்சம்பழம். முப்பத்தேழு டிகிரி காட்ட வேண்டிய திரை இருட்டாக இருந்தது.

மணிகளுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். உயிரோடிருக்கும் செல் பச்சையாகத் தெரியும், செத்தது சிவப்பாகத் தெரியும். பத்துக்கு ஒன்றுகூடப் பச்சை தேறவில்லை.

"பூஜை போட்ட மெஷின ரெண்டு நாள் ஓட்டக் கூடாதும்மா. நான்தான் எல்லாத்தையும் ஆஃப் பண்ணச் சொன்னேன்" என்றார் வெங்கடேசன், கொஞ்சமும் கூசாமல். பிறகு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். "உருண்டையா நல்லாத்தான கீது? அப்டியே அனுப்பிடு."

"உள்ள எல்லாம் செத்துப்போச்சு சார்."

"அப்ப இந்த ஃபாரத்துல ஹவுஸ்கீப்பிங் தப்புன்னு எழுதிடு. சுவிட்ச நிறுத்துனது கிளியம்மாதான். அவள வேலய வுட்டு நிறுத்திட்டு வேற ஆள் போட்டுக்கலாம்."

உடம்பின் எதிர்ப்புப் படையைத் தடுக்கிற ஜெல்லைச் செய்துவிட்டோம். இந்த மனிதரைத் தடுக்க எதைச் செய்வது? படிவத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளியம்மாளைத் தேடிப் போனேன். அவளையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் எழுதுவது என்று இருந்தேன். மண்ணூரிலிருந்து வரும் ஐம்பது வயதுக்காரி, கழுவும் தொட்டியருகே குடுவைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? யாரைக் கேட்டு அந்தப் பொட்டிய ஆஃப் பண்ண?"

"சாரு சொன்னாரு, பண்ணேன்." ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "ரெண்டு வருஷமா அந்தப் பொட்டியத் தொடைச்சிக்கினு கீறேன். உள்ள இன்னா கீதுன்னு ஒரு நாள் கேட்டேன் மேடம். 'உனக்குப் புரியாது, வேலையப் பாரு'ன்னீங்க."

சொன்னேன்தான். எப்போது என்றுகூட நினைவிருந்தது.

"உட்காருங்க அக்கா" என்றேன். அப்படி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்து, செல், ஜெல், அது எதைத் தடுக்கிறது, பெட்டி ஏன் சூடாகவே இருக்க வேண்டும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

கிளியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, தெனம் உங்க ஊசி டப்பாவ நான்தான மேடம் எடுத்துக் கொட்றேன். அது நிக்கறதுக்கான மருந்துன்னு தெரிஞ்சிருந்தா, சாரு இல்ல, அந்தச் சாமியே வந்து சொல்லியிருந்தாலும் சுவிட்சத் தொட்டிருக்க மாட்டேனே!"

படிவத்தில் 'தவறுக்குக் காரணமானவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.