அத்தையின் கை

"பெத்த பொண்ணு என் கழுத்துல கை வைக்கிறதா? வேற ஆளக் கூப்பிடு" என்றார் அப்பா, ஸ்கேன் கட்டிலில் உட்கார்ந்தபடி.

வேறு ஆள் எங்கே இருக்கிறார்? இந்த ஆஸ்பத்திரியில் என்னைத் தவிர ஸ்கேன் எடுக்கும் ஒரே ஆள் தன் மகளின் கல்யாணத்துக்கு ஆக்லாந்து போய்விட்டார். அப்பாவின் தலைப் பக்கம் பிள்ளைகள் தொடக் கூடாது என்பது டோங்கா தீவுகளில் பிறந்த எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அவர் தொப்பியை எடுத்து மாட்டியதற்கே அடி வாங்கியவள் நான். ஆனால் அவர் கழுத்தின் வலப்பக்கத்தில் எலுமிச்சை அளவுக்குத் தைராய்டு கட்டி புடைத்திருந்தது. அந்த நேரத்திலும் பிடிவாதம் பிடிக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பாவை அடக்க ஒரே ஆள் அவருடைய அக்கா, இலைசானே அத்தை. அத்தை சொன்னால் எங்கள் குடும்பத்தில் அதற்கு அப்பீல் கிடையாது. போன் போட்டேன். வெளியே போகும்போது எங்கள் ஊரில் மரியாதைக்குக் கட்டும் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். அப்பா சட்டென்று எழுந்துவிட்டார்.

"படு, சியோசிஃபா."

"அக்கா, இருட்டு ரூம்ல நீங்களும் நானும் எப்படி..." என்று இழுத்தார் அப்பா. வளர்ந்த அக்காவும் தம்பியும் இருட்டறையில் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதும் எங்கள் ஊர் வழக்கம்.

"நான் செவுத்தப் பாத்து நிக்கிறேன். இவ கை மேல என் கை இருக்கும். தொடறது நான்தான், இவ இல்ல. போதுமா?"

அப்பா படுத்தார். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கையைப் பின்னால் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் கிழங்கு மூட்டை தூக்கிய கை அது.

முதலில் அந்தப் பெரிய கட்டியைப் பார்த்தேன். உள்ளே முழுக்க ஸ்பாஞ்ச் மாதிரி சின்னச் சின்னத் துளைகள். கட்டியின் தோற்றத்துக்கு நாங்கள் மதிப்பெண் போடுவோம். மதிப்பெண் ஏற ஏறப் புற்றுநோய்ச் சந்தேகமும் ஏறும். இதற்குப் பூஜ்யம். ஊசி குத்தித் துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டியதே இல்லை.

"பூஜ்யமா? ஸ்கூல்லயும் எனக்கு அதான்" என்றார் அப்பா.

"பேசாத" என்றார் அத்தை சுவரிடம்.

இடப்பக்கம் இன்னொன்று இருந்தது. வெளியே தெரியாத சின்னக் கட்டி, பன்னிரண்டு மில்லிமீட்டர். கெட்டியாக இருந்ததற்கு இரண்டு, கறுப்பாக இருந்ததற்கு இரண்டு. மொத்தம் நாலு. நாலு வாங்கிய கட்டி இந்த அளவில் இருந்தால் ஊசி போடுவதில்லை. அடுத்த வருஷம் மறுபடி பார்த்தால் போதும். அப்பாடா என்று அதைப் பதியப் போனேன்.

"அக்கா, கழுத்த நெரிக்கிறீங்க" என்று அப்பா இருமினார்.

அத்தை பதறிக் கையை எடுத்தார். என் கையும் லேசானது. திரையில், அதுவரை அத்தையின் அழுத்தத்தில் நசுங்கிப் படுத்திருந்த கட்டி எழுந்து நின்றது. அகலத்தைவிட உயரம் அதிகம். அப்படி இருந்தால் இன்னும் மூன்று. மொத்தம் ஏழு. படத்தை அப்படியே நிறுத்தி மறுபடி அளந்தேன்.

"என்னடி, பேச்சையே காணோம்?" என்றார் அத்தை.

"பெருசு சாது, அத்தை. சின்னதுதான் சரியில்ல. ஊசி போட்டுப் பாத்தே ஆகணும். நீங்க கைய எடுக்கலன்னா அடுத்த வருஷம்னு விட்டிருப்பேன்."

அத்தை சுவரைப் பார்த்தபடியே, "இவன் ஊசிக்கு வருவான்" என்றார்.

வந்தார். புற்றுதான். ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை. இடப்பக்கத்துப் பாதிச் சுரப்பியை மட்டும் எடுத்தார்கள், வலப்பக்கத்துச் சாதுவை விட்டுவிட்டார்கள். தேவாலயத்தில் பாடும்போது அவருடைய கட்டைக் குரல் பழையபடி ஜன்னலை அதிரவைக்கிறது.

ஆறு மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வந்தார். அத்தை ஒரு சாவுக்காக வவாவு தீவுக்குப் போயிருந்தார். ஆக்லாந்து போனவர் திரும்பி வந்து பக்கத்து அறையில்தான் இருந்தார். அவரைக் கூப்பிடக் கிளம்பினேன்.

"எங்க போற?"

"அவரக் கூட்டிட்டு வரேம்பா."

அப்பா படுத்து, கண்ணை மூடி, தாடையை மேலே தூக்கிக் கழுத்தைக் காட்டினார்.

"நீயே பாரு. ஆனா, உங்க அத்தை மாதிரி அழுத்தாத."

கண்ணில் நீர் முட்டியதில் கொஞ்ச நேரம் எனக்குத் திரையே தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தேன். இடப்பக்கம் சுத்தமாக இருந்தது.